மைன்கிராஃப்ட் ஹார்ட்கோர்: ஒரே உயிரில் முதல் நாளிலிருந்து எலிட்ரா வரை

என் ஹார்ட்கோர் உலகங்களிலேயே நான் அதிகம் நேசித்தது 143-ஆம் நாளில் போனது. ஆழத்தில், ஒய் என்னும் உயர எண் மைனஸ் 57-ல் டயமண்ட் தேடித் தோண்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலிருந்த கிராவல் சரிந்தது. அதன் பின்னாலேயே லாவா இறங்கியது. தண்ணீர் பக்கெட் என்னிடம் இருந்தது, ஆனால் ஹாட்பாரில் (திரையின் கீழே, உடனே கைக்கு வரும் ஒன்பது இடங்கள்) இல்லை. பொருள் பையான இன்வென்டரியின் மூன்றாவது வரிசையில், கோதுமை விதைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்வென்டரியைத் திறந்தால் ஆட்டம் நிற்காது. மவுஸ் பக்கெட்டின் மேல் போய்ச் சேர்ந்த நேரத்தில் இதயங்கள் தீர்ந்துவிட்டன.

அதற்குப் பிறகு தொடங்கிய உலகங்களில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டேன். எங்கே நுழைவதற்கு முன்பும், அங்கிருந்து எப்படி வெளியே வருவேன் என்பதை முதலில் முடிவு செய்வேன். குகையானாலும், போர்ட்டல் வழியே போகும் நெருப்பு உலகமான நெதரானாலும் இதேதான். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியை வைத்து எழுதியது. எண்கள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை. பெட்ராக் என்னும் மற்றப் பதிப்பில் சில கணக்குகள் மாறும்.

ஹார்ட்கோரில் என்ன மாறுகிறது

கடினநிலை ஹார்டில் பூட்டப்பட்டிருக்கும், நடுவில் குறைக்க முடியாது. செத்தால் அந்த உலகத்தைச் சுற்றிப் பார்க்கலாம், விளையாட முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹார்ட் என்பதே எத்தனை விதத்தில் வேறுபட்டது என்பதைப் பலர் தெரிந்துகொள்ளாமல் தொடங்கிவிடுகிறார்கள்.

நார்மலில் பசி பூஜ்யமானாலும் அரை இதயம் மிஞ்சும். ஹார்டில் பட்டினி உயிரையே எடுக்கும். ஜோம்பிகள் மரக்கதவை உடைத்து உள்ளே வரும், அடிபட்டால் இன்னொரு ஜோம்பியைத் துணைக்கு வரவழைக்கும். சிலந்திகள் சில சமயம் வேகமோ பலமோ கூடிய நிலையில் தோன்றும், கண்ணுக்குத் தெரியாமல்கூட வரும். குகைச் சிலந்தியின் விஷம் 7 நொடிக்குப் பதில் 15 நொடி நிற்கும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, நீங்கள் வாழும் இடமே நாளாக ஆக ஆபத்தாகும் என்பது. ஒரு பகுதியில் நீங்கள் செலவிட்ட நேரத்தை ஆட்டம் கணக்கில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு 50 மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற, அங்கே தோன்றும் ஜோம்பியும் ஸ்கெலிடனும் கவசத்தோடும் என்சாண்ட் செய்த (மந்திர சக்தி ஏற்றிய) ஆயுதத்தோடும் வரும் வாய்ப்பு கூடும். முழு நிலவு அதை இன்னும் கூட்டும். ஆக, பழகிய வீட்டு வாசல்தான் வரைபடத்திலேயே கடுமையான இடங்களில் ஒன்று. 2019-ல் ஸ்ட்ரீமர் ஃபில்சா ஐந்து ஆண்டுகளாகக் காப்பாற்றிய ஹார்ட்கோர் உலகத்தை முடித்து வைத்தது ஆட்டத்தின் இறுதி எதிரியான டிராகன் அல்ல, ஒரு குட்டி ஜோம்பி.

ஆட்டத்துக்கு முன்

செட்டிங்கில் சப்டைட்டிலை ஆன் செய்யுங்கள். திரையின் ஓரத்தில் எந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அம்புக்குறியோடு காட்டும். முதுகுக்குப் பின்னால் எதுவும் நடந்து வந்தால் காதில் விழும் முன்பே கண்ணில் படும். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டமே தரும் வசதி இது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஹாட்பாரின் வரிசையை இப்போதே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் வையுங்கள். என் வரிசை: 1 வாள், 2 கோடரி, 3 பிக்காக்ஸ், 4 அடுக்கக்கூடிய பிளாக், 5 தண்ணீர் பக்கெட், 9 சாப்பாடு. 5-ஆம் இடம் எனக்குப் புனிதமானது. பக்கெட் கிடைக்கும் வரை அதைக் காலியாகவே விட்டிருப்பேன். விரலுக்குப் பழகிய இடத்தில் இருந்தால்தான் அரை நொடியில் கை அங்கே போகும்.

இன்னொன்று: தனியாக விளையாடும்போது எஸ்கேப் அழுத்தினால் ஆட்டம் உண்மையிலேயே நிற்கும். பதற்றம் வந்த உடனே நிறுத்துங்கள். மூச்சு விட்டு, கையில் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யோசித்துவிட்டுத் தொடருங்கள்.

முதல் நாள்

ஒரு முழு நாள் 20 நிமிடம். வெளிச்சத்தில் வேலை செய்யக் கிடைப்பது சுமார் 10 நிமிடம். அதற்குள் மரம் வெட்டி, கல் பிக்காக்ஸ் செய்து, மூன்று ஆடுகளைத் தேடுங்கள். ஒரே நிறக் கம்பளி மூன்றும் பலகை மூன்றும் சேர்ந்தால் பெட். முதல் இரவைத் தூங்கிக் கடந்துவிட்டால் ஆபத்தில் பாதி குறைந்துவிடும். ஆட்டிறைச்சி அன்றைய சாப்பாட்டுக்கு ஆகும்.

ஆடு கிடைக்காவிட்டால் பொழுது சாயும்போது மலைச்சரிவில் இரண்டு பிளாக் குடைந்து, உள்ளே போய் வாயை அடைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நிமிட இரவில் உள்ளிருந்தபடியே கல் தோண்டலாம். வெளியே வேடிக்கை பார்க்க ஒரு ஓட்டை வைக்காதீர்கள், குட்டி ஜோம்பிக்கு ஒரு பிளாக் இடைவெளி போதும். மூன்று நாளுக்கு மேல் தூங்காமல் இருந்தால் ஃபேண்டம் வானிலிருந்து பாயும், எனவே பெட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் இரும்புக் கட்டி கிடைத்ததும் வாள் செய்யத்தான் எல்லோருக்கும் கை போகும். ஷீல்டு செய்யுங்கள். ஒரு இரும்பும் ஆறு பலகையும்தான் செலவு. அடுத்த மூன்று இரும்பு பக்கெட்டுக்கு. கவசமெல்லாம் அதற்குப் பிறகு.

வீடும் வெளிச்சமும்

1.18 பதிப்பிலிருந்து பூமி உலகத்தில் பெரும்பாலான அரக்கர்கள் ஒளி முழுப் பூஜ்யமான இடத்தில்தான் தோன்றும். ஒரு டார்ச்சின் ஒளி 14, ஒவ்வொரு பிளாக் தள்ளிப்போகும்போதும் ஒன்று குறையும். அதனால் முன்போல டார்ச்சை நெருக்கி நட வேண்டியதில்லை. ஆனால் கூரையின் மேல், மரத்தடி, வீட்டுக்குப் பின்புறப் பள்ளம் ஆகிய இடங்களை மறந்துவிடுகிறோம். காலையில் கதவைத் திறக்கும்போது க்ரீப்பர் (நெருங்கி வந்து வெடிக்கும் அரக்கன்) காத்திருப்பது பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

கதவு விஷயத்தில், மரக்கதவுக்குப் பதில் வேலிக்கதவு வையுங்கள். ஜோம்பி அதை உடைக்காது. வீட்டுக்கு இரண்டு வாசல் அவசியம். ஒரு வாசலில் எதுவும் நின்றால் மறு வாசல் வழியாக வெளியேறலாம். ஒரு பூனையைப் பழக்கி முற்றத்தில் உட்கார வைத்தால் க்ரீப்பர் அந்தப் பக்கம் நெருங்காது.

சாப்பாட்டில், பசியின் 20 புள்ளியில் 18-ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் இதயம் தானாக ஏறும். 6-க்கு இறங்கினால் ஓடவே முடியாது. ஓட முடியாத நிலை ஹார்ட்கோரில் மிகவும் ஆபத்தானது. ஆரம்பத்தில் ரொட்டி போதும். பிறகு சுட்ட மாட்டிறைச்சி, வசதி வந்த பிறகு தங்கக் கேரட். பசிப் பட்டை முழுக்க நிறைந்து, உள்ளே சாச்சுரேஷனும் (பட்டையில் தெரியாத உணவுச் சேமிப்பு) மிச்சமிருந்தால் அரை நொடிக்கு ஒருமுறை உயிர் ஏறும். சண்டைக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் இதுதான்.

க்ரீப்பர் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹார்டில் ஒட்டி நின்று வெடிக்கும் க்ரீப்பர் எடுக்கக்கூடிய உச்ச அளவு 64.5 புள்ளி, அதாவது 32 இதயத்துக்கும் மேல். உங்களிடம் இருப்பது 10.

"டயமண்ட் போட்டிருக்கிறேனே" என்று தோன்றும். ஜாவாவில் அடி பெரிதாக இருந்தால் கவசத்தின் பலன் சுருங்கிவிடும். என்சாண்ட் இல்லாத முழு டயமண்ட் கவசம் இந்த அடியில் 16 சதவீதத்தைத்தான் தடுக்கிறது. மிச்சம் 27 இதயம். சாவுதான். நான்கு துண்டிலும், அடியைக் குறைக்கும் என்சாண்ட்டான புரொடெக்‌ஷன் 4 இருந்தால் அடி 19.5 புள்ளியாக இறங்கும். முழு உயிரோடு நின்றிருந்தால் கால் இதயத்தில் பிழைப்பீர்கள், அரை இதயம் ஏற்கெனவே குறைந்திருந்தால் பிழைக்க மாட்டீர்கள். அந்த நான்கில் ஒரே ஒரு துண்டில் மட்டும் புரொடெக்‌ஷனுக்குப் பதில் பிளாஸ்ட் புரொடெக்‌ஷன் 4 போட்டுப் பாருங்கள். அதே வெடிப்பு ஐந்தரை இதயத்தோடு நின்றுவிடும். ஹார்ட்கோரில் நான் செய்த மாற்றங்களிலேயே இதற்கு நிகரானது எதுவுமில்லை. கால்சட்டையில் அதைப் போட்டுவிடுங்கள்.

இந்தக் கவசமெல்லாம் வரும் வரை ஷீல்டுதான் துணை. வெடிப்பை நேருக்கு நேர் ஷீல்டில் வாங்கினால் ஒரு புள்ளிகூடப் போகாது. ஷீல்டைத் தூக்கியதும் அது வேலை செய்யத் தொடங்கக் கால் நொடி ஆகும். க்ரீப்பரின் திரி ஒன்றரை நொடி. எனவே சீறல் கேட்டதும் ஓடாமல் திரும்புங்கள். முதுகைக் காட்டி ஓடும்போது ஷீல்டால் பயனில்லை, திரும்பி நின்றால் நேரம் தாராளமாகப் போதும். மனம் ஓடத்தான் சொல்லும், அதனால் முதல் சில நாட்களில் வேண்டுமென்றே ஒன்றிரண்டு க்ரீப்பரை ஷீல்டில் வெடிக்க விட்டுப் பழகுங்கள்.

சுரங்கம்

இரும்புக்கு ஒய் 16-ஐச் சுற்றித் தோண்டுங்கள். டயமண்ட் மைனஸ் 58, 59 பக்கம் அதிகம். ஆனால் மைனஸ் 55-லிருந்து கீழே குகைப் பள்ளங்களில் லாவா நிரம்பியிருக்கும். அவசரமில்லை என்றால் மைனஸ் 53-ல் தோண்டுங்கள். டயமண்ட் கொஞ்சம் குறையும். லாவா ஏரி உங்கள் காலுக்குக் கீழே தெரியும்படி இருக்கும், தலைக்கு மேல் இருக்காது.

நேர் கீழே தோண்டாதீர்கள், நேர் மேலேயும் வேண்டாம். கிராவலைக் கண்டால் அதன் அடியில் நிற்காமல் தள்ளி நின்று உடையுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் போகும் வழியில் வலப்பக்கம் மட்டும் டார்ச் வையுங்கள், திரும்பும்போது அது இடப்பக்கம் இருக்கும், வழி தவறாது. விழுவதில் முதல் 3 பிளாக் இலவசம், அதற்கு மேல் பிளாக்குக்கு அரை இதயம். 23 பிளாக் விழுந்தால் முழு உயிரும் போகும். பள்ளத்தின் விளிம்பில் நடப்பதானால் ஷிஃப்டை அழுத்தியபடி நடங்கள்.

ஆழத்தில் இருக்கும் பாழடைந்த நகரமான ஏன்ஷியன்ட் சிட்டியைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே வரும் வார்டன் என்னும் அரக்கனுக்கு 500 உயிர்ப் புள்ளி. அதன் ஒலி அலைத் தாக்குதல் ஷீல்டையும் கவசத்தையும் தாண்டி வரும். உள்ளே இருக்கும் எந்தப் பெட்டியும் உங்கள் உலகத்துக்கு ஈடாகாது.

கிராமம்

வில்லேஜர்களிடம் (கிராமவாசிகள்) வாங்கிச் சேர்ப்பதுதான் ஹார்ட்கோரில் பாதுகாப்பான வளர்ச்சி என்பது என் உறுதியான கருத்து. டயமண்ட் கவசத்தைக் கவசம் செய்யும் ஆர்மரரிடமும், தேய்ந்த பொருளைச் சரிசெய்யும் மெண்டிங் என்சாண்ட் புத்தகத்தை லைப்ரரியனிடமும் வாங்கலாம். லாவாவுக்குப் பக்கத்தில் போகவே தேவையில்லை.

இங்கே ஹார்டின் கொடுமை ஒன்று நமக்கு உதவுகிறது. ஜோம்பி ஒரு வில்லேஜரைக் கொன்றால் நார்மலில் பாதி வாய்ப்புதான், ஹார்டில் அவர் கட்டாயம் ஜோம்பி வில்லேஜராக மாறுவார். வீக்னஸ் ஸ்பிளாஷ் போஷன் எறிந்து தங்க ஆப்பிள் கொடுத்துக் குணப்படுத்தினால் அவர் விலையை வெகுவாகக் குறைத்துக் கொடுப்பார். ஆனால் அந்தப் போஷனைக் காய்ச்ச, நெதரில் இருக்கும் பிளேஸ் என்னும் நெருப்பு அரக்கனிடமிருந்து வரும் பிளேஸ் பவுடர் வேண்டும், அதாவது நெதர் போய்வந்த பிறகு. அதுவரை அவர்களைச் சுவர் எழுப்பி, வெளிச்சம் வைத்துக் காப்பாற்றுங்கள்.

நெதர்

நெதரில் தண்ணீர் ஊற்ற முடியாது. 5-ஆம் இடத்தில் இருக்கும் பக்கெட் அங்கே வெறும் சுமை. பெட் வெடிக்கும். நம்பியிருந்த இரண்டு காப்பும் போய்விடும் என்பதை மனதில் வைத்துத்தான் போர்ட்டலுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும்.

போனதும் முதல் வேலை, வந்த போர்ட்டலைச் சுற்றிக் கல்லால் ஒரு அறை கட்டுவது. காஸ்ட் என்னும் பறக்கும் அரக்கன் எறியும் நெருப்புருண்டை கோபிள்ஸ்டோனை உடைக்காது. ஆனால் போர்ட்டலின் ஊதா ஒளியை அணைத்துவிடும். அதை மறுபடி பற்றவைக்கும் ஃபிளின்ட் அண்ட் ஸ்டீல் கையில் இல்லாமல் நெதருக்குள் போவது, சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது மாதிரி. பிறகு எஃப்3 அழுத்தி போர்ட்டலின் இட எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். போகும் வழியெங்கும் ஐம்பது அடிக்கு ஒரு கோபிள்ஸ்டோன் தூண் நடுங்கள். சிவப்புப் பாறைக்கு நடுவே சாம்பல் நிறம் தூரத்திலிருந்தே தெரியும்.

தங்கத்தில் ஒரு துண்டு, காலணி போதும், அணிந்திருந்தால் நெதரில் வாழும் பன்றி முகப் பிக்லின் தாக்காது. ஆனால் அவை பார்க்கும்போது தங்கத்தைத் தோண்டினாலோ பெட்டியைத் திறந்தாலோ பாயும்.

லாவாவுக்கான உண்மையான பதில் ஃபயர் ரெசிஸ்டன்ஸ் போஷன். அதைக் காய்ச்சப் பிளேஸ் வேண்டும், பிளேஸிடம் போக அந்தப் போஷன் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் பிக்லின் பண்டமாற்று. நான் முதல் பயணத்தில் பிளேஸ் இருக்கும் கோட்டையைத் தேடவே மாட்டேன். தங்கக் கட்டிகளைக் கொண்டுபோய், போர்ட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு பிக்லினை மூன்று பிளாக் ஆழக் குழியில் நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் போடுவேன். அது கட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், பிறகு எதையாவது எறியும். பெரும்பாலும் கிராவலும் நூலும்தான் வரும். பொறுமையாக இருந்தால் ஃபயர் ரெசிஸ்டன்ஸும் வரும். இரண்டு பாட்டில் சேரும் வரை காத்திருந்துவிட்டு, அடுத்த பயணத்தில் கோட்டைக்குப் போகலாம்.

கோட்டையில் பிளேஸின் நெருப்பு அந்தப் போஷன் குடித்தவரை ஒன்றும் செய்யாது. விதர் ஸ்கெலிடன்தான் பயம். அது இரண்டு பிளாக்கை விட உயரம். வழிப்பாதையின் கூரையை இரண்டு பிளாக் உயரத்துக்குக் குறைத்துவிட்டால் உள்ளே வர முடியாது, நீங்கள் இந்தப் பக்கமிருந்து அடிக்கலாம். பிளேஸ் ராடு கிடைத்ததும் சொந்தமாகக் காய்ச்சுங்கள். ரெட்ஸ்டோன் சேர்த்தால் 8 நிமிடம் நிற்கும்.

டோட்டம்

ஹார்ட்கோரில் இரண்டாவது உயிர் என்று ஒன்று இருந்தால் அது டோட்டம் ஆஃப் அன்டையிங். எவோக்கர் என்னும் மந்திரவாதியைக் கொன்றால் ஒன்று கட்டாயம் கிடைக்கும். எவோக்கர் காட்டு மாளிகையிலும், கிராமத்தைத் தாக்கும் ரெய்டிலும் வரும். ஹார்டில் ரெய்டு 7 அலை. கோடரியோடு வரும் விண்டிகேட்டரின் ஒரு வெட்டு, கவசம் இல்லாதவரிடம் ஒன்பது இதயத்துக்கும் மேல் எடுக்கும், ஷீல்டையும் முடக்கும். அதனால் தரையில் நின்று சண்டையிடாதீர்கள். கிராமத்துக்கு வெளியே உயரமான தூண் மேடை கட்டி வில்லால் குறைத்துவிட்டு, எவோக்கர் தனியாக மிஞ்சும்போது இறங்குங்கள்.

டோட்டம் கையில் இருக்க வேண்டும், இன்வென்டரியில் இருந்தால் வேலைக்கு ஆகாது. அது வெடித்ததும் உயிர் அரை இதயம்தான். கூடவே 5 நொடிக்கு மஞ்சள் இதயங்கள், 40 நொடிக்கு நெருப்புக் காப்பு, 45 நொடிக்கு உயிர் மீளும் சக்தி. அந்த ஐந்து நொடி திருப்பி அடிப்பதற்கு அல்ல. விலகி ஓடுங்கள், இரண்டு பிளாக் வைத்து மறையுங்கள், அடுத்த டோட்டத்தைக் கைக்குக் கொண்டுவாருங்கள்.

எண்ட்

வெளியேறும் வழியை முதலில் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டிராகன் வாழும் கடைசி உலகமான எண்டில் அந்த வழியே கிடையாது. டிராகன் சாகும் வரை திரும்பும் போர்ட்டல் திறக்காது. அதனால் தயாரிப்பு முழுவதும் இந்தப் பக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டும்: மேலே சொன்ன கவசம், விழும் அடியைக் குறைக்கும் ஃபெதர் ஃபாலிங் 4 காலணி, இரண்டு டோட்டம், குறைந்தது நான்கு ஸ்லோ ஃபாலிங் போஷன், எண்டர்மேன் கண்ணைப் பார்த்தாலும் அது பாயாமல் இருக்கத் தலையில் போடும் செதுக்கிய பூசணி, நிறைய பிளாக், தண்ணீர் பக்கெட். எண்டில் தண்ணீர் ஊற்றலாம், எண்டர்மேன் தண்ணீருக்குள் வந்து தாக்காது.

நீங்கள் இறங்கும் அப்சிடியன் மேடை தீவிலிருந்து தள்ளி வெற்றிடத்தின் மேல் நிற்கலாம். ஷிஃப்டை விடாமல் பாலம் போடுங்கள். வெற்றிடத்தில் விழுந்தால் டோட்டமும் காப்பாற்றாது.

தூண்கள் 10, உச்சியில் டிராகனுக்கு உயிர் ஏற்றும் கிரிஸ்டல். தூரத்திலிருந்து வில்லால் உடையுங்கள். இரண்டு மட்டும் இரும்புக் கூண்டுக்குள் இருக்கும். அவற்றுக்கு ஏறும் முன் ஸ்லோ ஃபாலிங் குடியுங்கள். டிராகன் தட்டிவிட்டாலும் இறகு போல இறங்குவீர்கள். கிரிஸ்டலைக் கையால் உடைக்காதீர்கள், அதன் வெடிப்பு க்ரீப்பரைவிடப் பெரிது. பெட்டை வெடித்து டிராகனை வேகமாகக் கொல்லும் முறை நேரப் போட்டி ஆடுபவர்களுக்கானது, நமக்கு வேண்டாம். டிராகனின் 200 உயிரையும் வில்லாலும், அது நடுவில் வந்து அமரும்போது வாளாலும் நிதானமாகக் குறையுங்கள். ஊதாப் புகையில் மட்டும் நிற்காதீர்கள்.

எலிட்ரா

டிராகனுக்குப் பிறகு எண்ட் ஷிப்பில் எலிட்ரா என்னும் பறக்கும் இறக்கை கிடைக்கும். அங்கே ஷல்கர் என்னும் அரக்கன் அடித்தால் மேலே மிதக்கத் தொடங்குவீர்கள், 10 நொடியில் அது நிற்கும்போது விழுவீர்கள். பால் குடித்தால் மிதப்பு உடனே போய்விடும், எனவே உயரம் கூடும் முன்பே குடியுங்கள்.

எலிட்ரா அணிந்தால் மார்புக் கவசம் இல்லை. மேலே போட்ட க்ரீப்பர் கணக்கு அத்தனையும் அப்போது பொய்யாகும், இறங்கிய உடனே மாற்றுங்கள். வேகமாகப் போய்ச் சுவரில் மோதினாலும் சாவு வரும். மலைக்கு நடுவே ராக்கெட் போடாதீர்கள். தேய்மானத்தைக் குறைக்கும் அன்பிரேக்கிங் இல்லாத எலிட்ரா சுமார் 432 நொடி பறக்கும், ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு உடையாது, ஆனால் பறக்காது. எண்டில் அந்த நேரம் கீழே வெற்றிடமாக இருக்கலாம். என்னுடையதன் ஆயுள் எண் 100-க்குக் கீழே இறங்கியதும் அடுத்த தீவில் இறங்கி, பாலம் போட்டு நடந்தே திரும்பிவிடுவேன்.